அக்கா சொன்னது டீயைப் பற்றி

என் அக்காவுக்கு வேலை குதிரை பார்ப்பது. பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது போல இதுவும் ஒரு பார்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தயக் குதிரைகள் பழகும் மைதானத்தில் காலையில் வேலியோரமாக நின்று, ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு, இளங்குதிரைகள் ஓடுவதைப் பார்ப்பாள். போன வாரத்துக்கு இந்த வாரம் ஒரு குட்டி எவ்வளவு தேறியிருக்கிறது, பெரிய பந்தயம் வருவதற்குள் இன்னும் எவ்வளவு தேறும் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம். அதே லாயத்தில் நான் லாடம் அடிக்கிறேன். ஆகையால் இங்கே நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி காதில் விழுந்தது. கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் இந்த வேலைக்குப் படித்துவிட்டு வந்தவள் இல்லை. டிரெயினரின் அலுவலகத்தில் போன் எடுக்கத்தான் சேர்ந்தாள். குதிரைகளுக்கு நேரம் எடுப்பவர் கண் ஆபரேஷனுக்குப் போன ஒரு காலையில் வேறு யாரும் கிடைக்காமல், டிரெயினர் இவள் கையில் கடிகாரத்தைத் திணித்தார். குதிரை கம்பத்தைத் தாண்டும்போது கட்டைவிரலால் அழுத்தினால் போதும் என்று சொன்னார். இவள் அழுத்தினாள், நேரத்தைச் சொன்னாள். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கும் போன்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த வழக்கம் கிடையாது.

"அந்தக் கறுப்புக் குட்டி ஓடல சார். அதை ஓட்டினாங்க" என்றாள்.

டிரெயினர் அவளைத் திரும்பிப் பார்த்தார். குட்டிமேல் ஏறியிருந்தவனைக் கூப்பிட்டு விசாரித்தார். தொடக்கத்திலிருந்தே உதைத்து உதைத்துத்தான் கொண்டுவந்ததாக அவன் ஒப்புக்கொண்டான். அடுத்த வாரமே போன் எடுக்க வேறு ஆள் வந்துவிட்டார். கண் ஆபரேஷன் முடிந்து வந்தவர், வெயிலில் நிற்கும் வேலை போனதே என்று சந்தோஷமாகத் தீவனக் கிடங்குக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஓடியது வேறு, ஓட்டியது வேறு என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை அக்காவின் மொத்தப் படிப்பும்.

இதில் என்ன பெரிய வித்தை, கடிகாரமே சொல்லிவிடுமே என்று நானும் நினைத்ததுண்டு. கடிகாரம் இன்றைக்கு ஓடியதைச் சொல்லும். நாளைக்கு ஓடப்போவதைச் சொல்லாது. இரண்டு மூன்று வயதுக் குட்டிகளில் ஒன்று பதினைந்தே நாளில் வேறு குதிரையாகிவிடும். இன்னொன்று ஒரு சீசன் முழுக்கத் தின்று கொழுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அக்கா ஒரு குட்டியை இன்னொரு குட்டியோடு ஒப்பிடவே மாட்டாள். அதை அதோடுதான் ஒப்பிடுவாள். போன வாரம் திருப்பத்தில் தடுமாறிய கால் இந்த வாரம் தானாக மாறி விழுகிறதா, ஓடி நின்ற பிறகு மூச்சு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது, லாயத்துக்குத் திரும்பும் வழியில் பக்கத்துக் குதிரையை வம்புக்கு இழுக்கிற தெம்பு மிச்சம் இருக்கிறதா, தீவனத்தொட்டியை நக்கித் துடைத்ததா அல்லது பாதியில் விட்டதா என்று எல்லாவற்றையும் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒரு பேச்சில் முடித்துவிடுவாள். தேறும் என்றால் "இன்னும் இருக்கு." தேறாது என்றால் "இப்போதைக்கு இவ்வளவுதான்." லாயமே அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கும்.

வீட்டிலும் அவளுக்கு இதே பார்வைதான். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை தொழிலில் இன்னும் முன்னுக்கு வருவாரா என்று பெண்ணின் அப்பா மரியாதையாக அக்காவைக் கேட்டார். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்போதைக்கு இவ்வளவுதாங்க" என்றாள். நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல உட்கார்ந்திருந்தேன். உள்ளே நின்றிருந்த பெண் சிரித்துவிட்டாள். பொய் சொல்லாத குடும்பம் என்று அவளுக்குப் பிடித்துப்போயிற்றாம். கல்யாணம் நடந்தது. எனக்கும் என் மனைவிக்கும் சண்டை வரும்போதெல்லாம், உங்க அக்கா அன்றைக்கே சொன்னாங்க என்று இன்றைக்கும் ஒரு அடி விழுகிறது.

இனி மாமாவின் டீ. அக்கா வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். மதிய ஷிப்ட் என்பதால் காலையில் வீட்டு அடுப்பு அவர் பொறுப்பு. அக்கா கிளம்புவதற்குள் ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய டீ போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். நல்ல மனிதர், ஆனால் சர்க்கரை விஷயத்தில் கை நிற்காது. அந்த டீயில் ஸ்பூனை நட்டுவைத்தால் நிற்கும். அக்கா ஒரு டம்ளர் குடிப்பாள். என்னைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் கொடுப்பாள், நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பேன். மீதியை லாயத்துக்குப் பின்னால் இருக்கும் செடிகள் குடிக்கும். வேலை நடக்கும்போதே மாமா தினமும் போன் செய்து, டீ தீர்ந்துவிட்டதா, போதவில்லையா, நாளைக்கு இன்னும் பெரிய பிளாஸ்க் வாங்கட்டுமா என்று கேட்பார். அக்கா காதில் போன் ஒயரை மாட்டி, மேலே துணியைக் கட்டிக்கொண்டிருப்பாள், போனில் பேசுவதே வெளியே தெரியாது. கண் மைதானத்தில் இருக்கும், வாய் மாமாவுக்குப் பதில் சொல்லும். பெரிய பிளாஸ்க் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு நாளும் அவள் சொல்வது ஒன்றுதான்.

அந்த சீசனில் எங்கள் லாயத்துக்குப் புதிதாக ஒரு சொந்தக்காரர் வந்திருந்தார். பல் டாக்டர். வாழ்க்கையிலேயே முதல் குதிரை, செம்பட்டை நிறத்தில் ஒரு பெண்குட்டி. தொழில் பாசத்தில் அதற்கு வெண்முத்து என்று பெயர் வைத்தார். நாங்கள் முத்து என்று கூப்பிட்டோம். கிளினிக் திறப்பதற்கு முன் தினமும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். கிளினிக் சுவரில், நாற்காலியில் சாய்ந்து படுக்கும் நோயாளியின் கண்ணுக்கு நேராக, முத்துவின் படம் மாட்டியிருந்தார். வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களிடம் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். பாவம், அவர்களால் பதிலும் பேச முடியாது, எழுந்தும் போக முடியாது. சீசனின் பெரிய கோப்பைப் பந்தயத்தில் முத்து ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கென்று புதுக் கோட்டும் தைக்கக் கொடுத்துவிட்டார்.

ஆசைப்படுவது தப்பில்லை. முத்து முதலில் நன்றாகத்தான் தேறினாள். வாரத்துக்கு வாரம் அக்காவின் முகத்தில் அது தெரிந்தது. அப்புறம் நின்றுவிட்டது. ஓடும் நேரம் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் திருப்பத்தில் தலையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாள். கடைசி நேர் ஓட்டத்தில் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டாள். ஏறியிருந்தவன் முன்பு கையை அசைத்தாலே போதும், இப்போது பிரம்பைக் காட்ட வேண்டியிருந்தது. கோப்பைக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு காலை டிரெயினர் முத்துவைத் தனியாக ஓடவிட்டு, அக்காவைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அக்கா மனதில் அதற்குள்ளேயே தீர்ப்பு வந்துவிட்டது, இப்போதைக்கு இவ்வளவுதான் என்று. டிரெயினர் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து நடந்து வருவதற்குள் மாமாவின் போன் வந்துவிட்டது.

அக்காவுக்குப் பக்கத்தில் தந்தி நின்றிருந்தான். காலை ஓட்டங்களில் குதிரை ஏறுகிற ஆள் அவன், தன் முறைக்காகக் காத்திருந்தான். பிள்ளை குட்டிக்காரன். ஒரு செய்தி காதில் விழுந்தால் அதற்குக் கண், காது, மூக்கு வைத்து மைதானத்தின் அடுத்த முனைக்கு அனுப்பிவிட்டுத்தான் மூச்சே விடுவான், பெயரும் அதனால்தான் வந்தது. அவனைப் பற்றி எழுதும்போதே என் கை சுத்தியலைத் தேடுகிறது. முத்து அவர்களைத் தாண்டிப் போன அந்த நொடியில், அவளையே பார்த்துக்கொண்டு அக்கா சொன்னதை அவன் தெளிவாகக் கேட்டான்.

"இன்னும் இருக்கு. நிறைய இருக்கு. சூடும் குறையல. கடைசி வரைக்கும் தாங்கும்."

அதற்கப்புறம் அவன் அங்கே நிற்பானா? டிரெயினர் வந்துசேர்ந்து, அக்கா அவரிடம் தலையை ஆட்டி, இவள் கோப்பைக்குத் தயாரில்லை சார் என்று சொன்ன நேரத்தில், தந்தி பல் டாக்டரின் கார் கதவருகே நின்றிருந்தான். மத்தியானத்துக்குள் தீவனக் கிடங்குக்குத் தெரிந்தது. சாயங்காலம் கிளினிக்கில் ஒருவர் பல் வலியை மறந்துவிட்டு எழுந்து உட்கார்ந்து டாக்டருக்குக் கை கொடுத்தாராம். இத்தனை வருஷத்தில் அக்கா ஒரு குட்டியைப் பற்றி 'நிறைய' என்று சொன்னதே இல்லை. 'கடைசி வரைக்கும் தாங்கும்' என்பது யாருமே கேட்டிராத வார்த்தை.

மறுநாள் டாக்டர் வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அது டீ சார், என் வீட்டுக்காரர் போட்ட டீயைப் பற்றிச் சொன்னது என்றாள். டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கண்ணடித்தார். சரிங்க, டீதான், நான் யாருகிட்டயும் சொல்லலை என்றார்.

இங்கேதான் எங்கள் தொழிலின் கோளாறு. குதிரைப் பந்தய உலகத்தில் ஒருவர் ஒரு குதிரையை நன்றாக இருக்கிறது என்றால் பாதிப் பேர் நம்புவார்கள். நன்றாக இல்லை என்று மறுத்தால் எல்லோரும் நம்புவார்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது என்று. ஆள் மறைக்கிறார், விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறார் என்று அர்த்தம். அக்கா மறுக்க மறுக்க முத்துவின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. தயாரில்லை என்றால், என்ன கெட்டிக்காரத்தனம் என்றார்கள். எரிந்து விழுந்தால், பார்த்தியா, எவ்வளவு பெரிய விஷயமா இருந்தா இவ்வளவு கோபம் வரும் என்றார்கள். பேசாமல் இருந்து பார்த்தாள். அதற்கும் அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

டிரெயினராவது நம்பியிருக்க வேண்டும். அவரிடம் அவள் முழுக்கதையையும் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது. டாக்டர் எதுவும் சொல்லக்கூடாதுன்னு சொன்னாரா, எங்கிட்டயுமா மறைக்கிறீங்க என்று கேட்டுவிட்டார். அங்கே டாக்டரோ, டிரெயினர்தான் அக்காவின் வாயைக் கட்டிவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நேரில் பார்த்தால் ரகசியம் காக்கும் பெரிய மனிதர்கள் போல் தலையை ஆட்டிக்கொண்டு பேச்சை மாற்றினார்கள். நடுவில் அந்தக் குட்டி தினமும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் நான் லாடம் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து பக்கத்தில் இருந்த பெட்டியில் உட்கார்ந்தாள். சிரிப்பெல்லாம் போயிருந்தது. சில வருஷத்துக்கு முன் ஒரு ஆண்குட்டியை இப்படித்தான் அவள் பேச்சைக் கேட்காமல் பெரிய பந்தயத்தில் ஓடவிட்டார்கள். இல்லாத ஓட்டத்தை அதனிடம் பிரம்பால் கேட்டார்கள். அதுவும் இருந்ததையெல்லாம் கொட்டி ஓடியது. அதற்கப்புறம் மைதானத்தின் வாசலைப் பார்த்தாலே கால் நடுங்கி நின்றுவிடும். யார் கெஞ்சியும் உள்ளே வரவில்லை. கடைசியில் அதை எங்கேயோ அனுப்பிவிட்டார்கள்.

"முத்துவையும் அப்படித்தான் பண்ணப்போறாங்கடா. அதுவும் நான் சொன்னேன்னு சொல்லி" என்றாள். "அப்படி அவளை ஓடவிட்டா, அன்னிக்கே கடிகாரத்தைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். என் வார்த்தைக்கு அர்த்தம் இல்லைன்னா அப்புறம் அங்க நின்னு நான் என்ன செய்ய?"

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. போகிறேன் என்றால் போய்விடுவாள். அக்கா இல்லாத அந்த வேலியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சரி, சாட்சியைக் கூப்பிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். மாமாவே வந்து சொல்லட்டும். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. தினமும் டீ மிச்சமாகிறது என்று மாமாவுக்குத் தெரிந்துவிடும். அக்கா இரண்டு நாள் தயங்கினாள். அப்புறம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவரிடம் சொன்னாள். மாமா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, அப்போ இத்தனை வருஷமா மிச்சம்தானா என்று மட்டும் கேட்டாராம். ஆனால் மறுநாள் காலை, பஸ் ஓட்டும் சீருடையில், பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்காவோடு மைதானத்துக்கு வந்து இறங்கிவிட்டார். பொண்டாட்டியின் மானம் முக்கியமா, டீயின் மானம் முக்கியமா என்ற கேள்விக்கு அவர் ராத்திரியே பதில் கண்டுபிடித்திருந்தார்.

டாக்டர், டிரெயினர், தந்தி, குதிரைக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். இதோ பாருங்க, இதுதான் அந்த டீ, தினமும் இதில் நிறைய மிச்சமாகும், அதைத்தான் இவ சொன்னா என்று மாமா ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். விருந்தோம்பல் புத்தி விடவில்லை. வந்ததே வந்தீங்க, ஆளுக்கு ஒரு டம்ளர் குடிங்க என்று ஊற்ற ஆரம்பித்தார். பஸ் ஓட்டுகிற மனிதர் சீருடையோடு வந்து நின்று கொடுக்கும்போது யார் வேண்டாம் என்பார்கள்? டாக்டர், பல்லுக்கு ஆகாது என்று தெரிந்தும், மரியாதைக்காக இரண்டு டம்ளர் குடித்தார். குதிரைக்காரர்களுக்கு அந்தச் சர்க்கரை பிடித்தே போய்விட்டது. கடைசியில் மாமா பிளாஸ்க்கைக் கவிழ்த்தபோது ஒரு சொட்டு விழுந்தது.

"தீந்துபோச்சே மாமா" என்றான் தந்தி. "அப்புறம் எப்படி நிறைய இருக்கும்?"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள். குட்டு உடைந்துவிட்டது என்று டாக்டர் அக்காவைப் பார்த்து விரலை ஆட்டினார். மாமாவுக்கோ வந்த காரியமே மறந்துபோயிற்று. பிளாஸ்க் காலியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், பாத்தியா, பாத்தியா என்று அக்காவின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான் அங்கே காய்ந்துகொண்டிருந்த லாடத்தையே கையில் எடுத்திருக்கலாம்.

நாட்கள் போயின. கோப்பைக்குப் பெயரை உறுதி செய்ய வேண்டிய கடைசி நாளும் வந்தது. அன்று மத்தியானத்துக்குள் டாக்டர் சரி என்றால் முத்து கோப்பையில் ஓடுவாள், வேண்டாம் என்றால் ஓடமாட்டாள். காலையில் நான் அவளுக்குப் பந்தய லாடம் மாட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து காலைப் பிடித்தால் போதும், என் சட்டைக் காலரைப் பற்களால் பிடித்து இழுத்துக் கிழிப்பது அவள் வழக்கம். என் மனைவியிடம் அவளால் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்தில் நின்ற அக்காவிடம், ஒரு வழியா இவளுக்குப் புத்தி வந்துடுச்சு, கொஞ்ச நாளா என் காலரைத் தொடறதே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அவள் கட்டைவிரல், கையில் கடிகாரம் இல்லாமலே, ஒருமுறை அழுத்தியது. அப்புறம் குனிந்து தீவனத்தொட்டிக்குக் கீழே பார்த்தாள். பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் ஒரே பக்கமாகக் கிடந்தன. குதிரை டாக்டர் முந்தின வாரம்தான் வந்து கால்களைத் தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாயைப் பார்க்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. குதிரைகளுக்கு அரத்தால் பல் ராவுகிறவர் வருவதற்கும் இன்னும் காலம் இருந்தது. நான் முத்துவின் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"நாம பாத்துச் சொன்னா எவன்டா நம்புவான்?" என்றாள்.

டாக்டர் அன்றைக்குச் சம்சாரத்தையும் மைத்துனரையும் காமிராவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அக்கா அவரிடம் நேராகப் போனாள். பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சார், உங்க குட்டி வாயை நீங்க ஒரு தடவ பார்க்கணும் என்றாள். டாக்டர் சிரித்தார். இதுவும் ஒரு நாடகம் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் பல்லைப் பார்க்கச் சொன்னால் பல் டாக்டரால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்? காரிலிருந்து கையுறையும் நெற்றியில் கட்டும் விளக்கும் வந்தன. குதிரைக்காரர் முத்துவின் நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தார். இத்தனை மாதத்தில் அந்த மனிதர் தன் குதிரையின் வாயை முதல்முறையாகப் பார்த்தார்.

குனியும்போது குதிரைச் சொந்தக்காரராகத்தான் குனிந்தார். நிமிரும்போது டாக்டராக இருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. தீவனம் சரியாகத் தின்கிறாளா என்று குதிரைக்காரரிடம் கேட்டார். மென்று துப்புகிறாள் என்றார் அவர். எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்தார். உள்ளே பால்பல் ஒன்று பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது, புதுப்பல் அதைக் கீழேயிருந்து முட்டிக்கொண்டிருந்தது. ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. கடிவாளத்தின் இரும்பு போய் உட்காரும் இடத்துக்கு அருகிலேயே அந்த வீக்கம். அவர் விரலால் லேசாகத் தொட்டதும் முத்து தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், திருப்பத்தில் இழுப்பாளே அதே பக்கமாக.

"இவளுக்கு இன்னும் பால்பல்லே விழலை" என்றார் டாக்டர். "இந்த வாயில இரும்பைப் போட்டா ஓட்டினீங்க?"

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. டிரெயினரைத் திட்டினார், குதிரைக்காரரைத் திட்டினார், லாடம் அடிக்கிற என்னையும் விடவில்லை. தினமும் வந்து பார்த்தேனே, ஒரு நாளாவது வாயைத் திறந்து பார்த்தேனா என்று தன்னையும் திட்டிக்கொண்டார். காமிராவோடு நின்ற மைத்துனரை, என்னத்துக்கு இங்க நிக்கிற என்று கேட்டார். கிளினிக்கில் குழந்தையின் சொத்தைப் பல்லைப் பார்த்துவிட்டு அம்மா அப்பாவை அவர் இப்படித்தான் வறுத்தெடுப்பாராம், பின்னால் அவர் சம்சாரம் சொன்னார். அந்தப் பல்லைத் தானே எடுத்துவிடவும் அவர் கை பரபரத்தது. ஆனால் மனித வாய் இல்லையே என்று தன்னை அடக்கிக்கொண்டு, உடனே குதிரை டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். பெயரை எடுத்துவிடுங்கள், இவள் ஓடவேண்டாம் என்று டிரெயினரிடம் சொன்னபோது அவர் குரலில் துளி வருத்தம் இல்லை. புதுக் கோட்டைப் பற்றிச் சம்சாரம் ஏதோ ஆரம்பித்தார். அதைப் போட்டுக்கொண்டு ஏதாவது கல்யாணத்துக்குப் போகலாம் என்று முடித்துவிட்டார்.

கூட்டம் கலையவில்லை. தந்தி ஒரு பக்கம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அப்போ அது டீதானா அக்கா என்று கேட்டான். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அக்காவிடம் வந்தார்.

"பல் விழுந்து ஈறு ஆறிடும். அப்புறம் அடுத்த சீசனுக்குள்ள இவ எவ்வளவு தேறுவா? எப்போ தயாராவா?"

எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். தந்தியின் காது விரிந்தது. அக்கா முத்துவைப் பார்த்தாள். வலி தெரிவதற்கு முன்னால் அவள் ஓடியதையெல்லாம், வலியோடு அவள் ஓடியதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"தெரியல சார்" என்றாள்.

டாக்டர் தலையை ஆட்டினார். "இத்தனை நாளா நீங்க சொன்ன ஒண்ணையும் நான் நம்பலை" என்றார். "இதை நம்பறேன்."

அக்கா முத்துவின் கழுத்துக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிடரி மயிரைக் கோதுவது போலக் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் அழுததை நான் பார்த்தேன். அதை யாரிடமாவது சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று அன்றைக்கே என்னை மிரட்டினாள். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.